நெக்கர் நதிக்கரையில் ஒரு பகல்

பயணம் வேதனையின் ஒரு பகுதி என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை என் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறேன். அது மனிதனை உறக்கத்திலிருந்தும் உணவிலிருந்தும் தடுத்து வைக்கிறது. ஆகவே சென்ற காரியம் நிறைவேறியதும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்ப வேண்டும் என்பது அந்நபிமொழியின் கருத்து. அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கணக் குறிப்புக்கூட என்னால் சொல்ல முடியும். எனினும் அதன் பொருளை என் உடம்பு அறிந்துகொண்டது, சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில், ஜெர்மனி நாட்டின் ஹைடல்பர்க் நகரில் நான் தனியே அலைந்து திரிந்த ஒரு பகற்பொழுதில்தான்.

இன்பச் சுற்றுலா செல்லும் அளவுக்கு வசதி படைத்தவன் அல்லன் நான். என்னை அங்கே இழுத்துச் சென்றது என் மூத்த மகளின் ஒரு வேண்டுகோள். அவள் வேதியியலில் இளநிலைப் பட்டப்படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தாள். “மேற்படிப்பை ஹைடல்பர்க்கில் படிக்கிறேன், அத்தா. மாமா வீடு பக்கத்து ஊரில்தானே இருக்கு” என்று ஒரு நாள் கேட்டாள். “மஹ்ரம் இல்லாமல் பெண்பிள்ளை அவ்வளவு தூரம் போக மார்க்கத்தில் இடமில்லையம்மா” என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டேன். அவள் எதிர்வாதம் செய்யவில்லை. மதரஸா ஆசிரியரின் மகள் அல்லவா! தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

என் மனைவியின் தம்பி மான்ஹைம் நகரில் குடும்பத்துடன் வசிக்கிறார். செய்தி அவர் காதுக்கு எட்டியது. “மச்சான், ஒரு தடவை வந்து பாருங்க. பார்த்துட்டு அப்புறம் வேண்டாம்னு சொல்லுங்க” என்று பயணச்சீட்டையே அனுப்பிவிட்டார். மறுக்க வழியில்லாமல், ஆனால் தீர்ப்பை முன்னரே எழுதி வைத்துக்கொண்ட நீதிபதியைப் போல, விமானம் ஏறினேன்.

தவறான நிலையம்

வளைகுடா நாடொன்றில் ஐந்து மணி நேரக் காத்திருப்பு. இரவு முழுவதும் விமானத்தில் கண்மூட முடியாத நிலை. அதிகாலையில் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, அங்கிருந்து இரயிலில் மான்ஹைம் வந்து சேர்ந்தேன். அந்நகரின் மையப்பகுதியில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. சதுரங்கப் பலகையைப் போல் கட்டம் கட்டமாக வகுத்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் எழுத்தையும் ஓர் எண்ணையும் சூட்டியிருக்கிறார்கள். மைத்துனர் விடுப்பு எடுக்க இயலாமல் அலுவலகம் சென்றார். அவர் மனைவி பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுமுன், “அண்ணன், நல்லா தூங்குங்க. சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து வெளியே போகலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு உறக்கம் வரவில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருந்தது. மைத்துனர் உடன் வந்தால் நல்ல பக்கத்தை மட்டுமே காட்டுவார்; அந்த ஊரை நான் தனியே, யாரும் விளக்கம் சொல்லாமல் பார்க்க வேண்டும் என்று எண்ணினேன். குளித்து ஒளுச் செய்து, தோல் காலுறைகளை அணிந்துகொண்டேன். பயணி மூன்று பகல் மூன்று இரவு வரை அவற்றின் மேல் மஸ்ஹு செய்துகொள்ளலாம் என்னும் சலுகையின் அருமை, காலணியைக் கழற்றிக் காலைக் கழுவ இடம் தேடும் அந்நிய ஊரில்தான் விளங்கும். சப்பாத்தி, அவித்த முட்டை, பேரீச்சம்பழம், ஒரு தண்ணீர்க் குப்பி ஆகியவற்றைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

மான்ஹைமிலிருந்து ஹைடல்பர்க் புறநகர் இரயிலில் இருபது நிமிடத் தொலைவே. உட்கார்ந்ததும் கண்கள் தாமாகச் செருகின. திடுக்கிட்டு விழித்தபோது வண்டி நின்றிருந்தது. பலகையில் ‘ஹைடல்பர்க்’ என்னும் எழுத்துக்கள் தெரிந்தன. பாய்ந்து இறங்கினேன். வண்டி சென்ற பின்னர்தான் பலகையை முழுமையாகப் படித்தேன். ஹைடல்பர்க் என்பதற்குப் பின்னால் இன்னும் இரண்டு பெயர்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அது நகருக்கு வெளியே உள்ள ஒரு சிறு நிறுத்தம். பயணிகள் கூடமில்லை, விசாரிக்க அதிகாரியுமில்லை. நடைமேடையில் நானும் காற்றும் மட்டுமே இருந்தோம்.

மூஸா (அலை) அவர்கள் தம் பணியாளருடன் ஹிள்ர் (அலை) அவர்களைத் தேடிச் சென்ற வரலாறு கஹ்ஃபு அத்தியாயத்தில் வருகிறது. சந்திக்க வேண்டிய இடத்தைக் கடந்து சென்ற பிறகே அவர்களுக்குக் களைப்பு உண்டாயிற்று என்று நபிமொழி விளக்கம் தருகிறது. இடம் தவறியதும் களைப்பு வந்து அமர்ந்துகொள்ளும் என்பதை அந்த நடைமேடையில் உணர்ந்தேன். கால்கள் கனத்தன. தொப்பியும் தாடியுமாக நின்ற என்னைச் சற்று நேரம் பார்த்த முதிய ஜெர்மானியப் பெண்மணி ஒருவர், எதிர்ப்புறத்திலிருந்து படியேறி இறங்கி என் பக்கம் வந்தார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. என் பயணச்சீட்டை வாங்கிப் பார்த்தார். அதே சீட்டு செல்லும் என்று சைகையால் தெரிவித்தார். அடுத்த வண்டியின் நேரத்தைத் தம் கைக்கடிகாரத்தில் விரல் வைத்துக் காட்டினார். அந்த வண்டி வந்து நான் ஏறும் வரை அவர் அங்கிருந்து அகலவில்லை.

எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. ‘அந்த நாட்டில் யாரை நம்பி அனுப்புவது?’ என்று வீட்டில் நான் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது.

வேதியியலாரின் சிலை

ஹைடல்பர்க்கின் தலைமை இரயில் நிலையம் பழைய நகரிலிருந்து விலகியே உள்ளது. டிராம் வண்டியில் பிஸ்மார்க் சதுக்கத்தில் இறங்கினால், அங்கிருந்து கிழக்கே ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கடைவீதி தொடங்குகிறது. வாகனங்களுக்கு அங்கே இடமில்லை. மக்கள் நடந்தே செல்கின்றனர். வீதிக்குத் தெற்கே பசுமை போர்த்திய மலை. அதன் சரிவில் செந்நிற மணற்கல்லால் ஆன கோட்டை அரண்மனை இடிந்த நிலையில் நிற்கிறது. 1689இலும் 1693இலும் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படைகள் அதைத் தகர்த்தன. எஞ்சியதைச் சீர்செய்ய முயன்றபோது, 1764இல் இடி விழுந்து தீப்பற்றியது. அதன்பின் அது முழுமையாக எழவேயில்லை. இன்று உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்து காண்பது அந்த இடிபாட்டைத்தான். மலையேற எனக்கு வலுவில்லை, கீழிருந்தே பார்த்துக்கொண்டேன்.

கடைவீதியின் ஓரத்தில் ஒரு மனிதரின் உருவச்சிலை. கீழே பன்சன் என்று பெயர் பொறித்திருந்தது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் ‘பன்சன் பர்னர்’ என்று நாம் அனைவரும் அறிந்த எரிவாயு விளக்கிற்குப் பெயர் தந்தவர். ராபர்ட் பன்சன் 1852 முதல் 1889 வரை இங்கே பேராசிரியராகப் பணியாற்றினார். கிர்க்காஃப் என்னும் இயற்பியல் அறிஞருடன் சேர்ந்து, சுடரின் ஒளியைப் பிரித்துப் பார்த்து, ஒரு பொருளில் என்ன தனிமங்கள் உள்ளன என்று கண்டறியும் முறையை வகுத்தார். அம்முறையைக் கொண்டே 1860இல் சீசியத்தையும் 1861இல் ருபீடியத்தையும் கண்டுபிடித்தார்கள். சூரியனில் என்ன பொருள்கள் உள்ளன என்பதைப் பூமியில் இருந்துகொண்டே அறியும் வழி இந்த ஊரில்தான் திறந்தது.

இச்செய்திகளை எனக்குச் சொல்லியவள் என் மகள். தேர்வுக்குப் படிக்கும்போது வாய்விட்டுச் சொல்வாள். அடுத்த அறையில் கிதாபு புரட்டிக்கொண்டிருக்கும் என் காதில் விழும். ஊரின் பெயர் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பது அந்தச் சிலையின் முன்னே நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. ‘ஏன் ஹைடல்பர்க்?’ என்று ஒருமுறைகூட நான் அவளைக் கேட்டதில்லை.

வாசலில் மூன்று சொற்கள்

ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் 1386இல் தொடங்கப்பட்டது. இன்றைய ஜெர்மனியிலேயே மிகப் பழமையானது. ஆயினும் பெண்களுக்கு அதன் கதவு முழுமையாகத் திறக்க ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஜெர்மானிய நிலப்பகுதிகளுள் முதன்முதலாக, இந்நகரம் அடங்கியிருந்த பாடன் அரசுதான் 1900இல் பெண்களை முறையான மாணவியராகச் சேர்க்க இசைவளித்தது. மேலைநாட்டில் பெண்கல்வி ஆதிமுதல் இருந்தது போலவும் நாம்தான் பின்தங்கிவிட்டோம் போலவும் சிலர் பேசுவதுண்டு. அங்கும் தகப்பன்மார் அஞ்சியிருக்கிறார்கள்; பேராசிரியர்கள் கதவடைத்திருக்கிறார்கள்; பிறகு மெல்ல மெல்ல மனம் மாறியிருக்கிறார்கள்.

பல்கலைக்கழகச் சதுக்கத்தில் ஒரு பலகை இருக்கையில் அமர்ந்தேன். எதிரே ‘புதிய பல்கலைக்கழகம்’ என்னும் கட்டடம். 1931இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் வாசலுக்கு மேலே மூன்று ஜெர்மன் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ‘உயிருள்ள ஆன்மாவுக்கு’ என்பது அவற்றின் பொருள். நாஜி ஆட்சிக் காலத்தில் அதை ‘ஜெர்மானிய ஆன்மாவுக்கு’ என்று மாற்றினார்கள். போர் முடிந்தபின் பழைய வாசகம் மீண்டது. இதே சதுக்கத்தில் 1933 மே 17ஆம் நாள் மாணவர்களே நூல்களைக் குவித்துத் தீயிட்டனர். அச்செயலை மறைக்காமல் நினைவுத் தகடு வைத்திருக்கிறார்கள். ஐந்நூறு ஆண்டு பழமையுள்ள கல்விச்சாலை தன் பிள்ளைகளின் கையில் தீப்பந்தம் இருப்பதைத் தடுக்கவில்லை. கல்வி பெருகினாலும் இறையச்சமும் பணிவும் இல்லையேல் அது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை என்று எண்ணினேன். ‘பார்த்தாயா, நான் சொன்னது சரிதான்’ என்று மனம் உள்ளூர மகிழ்ந்ததையும் மறைப்பதற்கில்லை.

அந்த மகிழ்ச்சியிலேயே உறங்கிவிட்டேன் போலும். “ஐயா, ஐயா” என்று ஆங்கிலத்தில் யாரோ அழைக்கும் குரல் கேட்டு விழித்தேன். தலையில் முக்காடிட்ட இளம்பெண் ஒருத்தி, தோழியுடன், மூன்றடி தள்ளி நின்றிருந்தாள். தரையில் விழுந்து கிடந்த என் தொப்பியையும் திறந்து கிடந்த பையையும் சுட்டிக்காட்டி, “அஸ்ஸலாமு அலைக்கும். உடம்புக்கு ஒன்றுமில்லையே? தண்ணீர் வேண்டுமா?” என்று வினவினாள்.

பதில் ஸலாம் கூறி, இரவுப் பயணத்தின் களைப்பு என்றேன். துருக்கிய வம்சாவளியினள் என்றும், பாட்டனார் 1960களில் ஆலைத் தொழிலாளியாக இந்நாட்டுக்கு வந்தவர் என்றும் சொன்னாள். 1961இல் இரு அரசுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பல்லாயிரவர் அவ்வாறு வந்தனர். இவள் வேறு நகரத்திலிருந்து இங்கு வந்து, விடுதியில் தங்கி மருத்துவம் பயில்கிறாள்.

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “தனியாக அனுப்ப உன் தந்தையார் அஞ்சவில்லையா?”

“அஞ்சினார். இன்றும் அஞ்சுகிறார். ஒவ்வோர் இரவும் எட்டு மணிக்குத் தொலைபேசியில் அழைப்பார், நான் எடுக்காவிட்டால் என் தோழியை அழைப்பார்” என்று அருகில் நின்றவளைக் காட்டிச் சிரித்தாள். பிறகு சற்று நிதானித்து, “ஆனால் தம் அச்சத்தை அச்சம் என்றே என்னிடம் சொன்னார். அதனால் எனக்கு அவர்மேல் வருத்தம் ஏற்படவில்லை” என்றாள்.

ஸலாம் கூறி இருவரும் போய்விட்டார்கள். சாய்ந்து உறங்கியதால் என் ஒளு முறிந்திருந்தது. அவள் சொன்ன கடைசிச் சொற்கள் அதைவிடப் பெரிதாக எதையோ என்னுள் முறித்திருந்தன. ஆனால் அது என்னவென்று அப்பொழுது விளங்கவில்லை.

ஒரு சுவரும் ஒரு கொலைக்களமும்

சதுக்கத்திலிருந்து கிழக்கே சற்றுத் தொலைவில் சந்தைத் திடல். அதன் நடுவே ‘தூய ஆவி’ தேவாலயம் நிற்கிறது. இதன் வரலாறு வியப்பானது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டு பிரிவினரும் உரிமைக்குப் போராடியதால், 1706இல் உள்ளே குறுக்குச் சுவர் எழுப்பி, ஒரு பகுதி ஒருவர்க்கும் மறுபகுதி மற்றவர்க்கும் என்று பிரித்தனர். அச்சுவர் நீக்கப்பட்டது 1936இல்தான். ஒரே கூரையின்கீழ் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஒரு சுவர்! இதைக் கேட்டு நகைக்க வாயெடுத்தவன், நம் ஊர்களில் ஒரே தெருவில் எதிரெதிரே நிற்கும் பள்ளிவாசல்களை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

திருத்துவக் கொள்கையை மறுத்த குற்றத்திற்காக ஜொஹன்னஸ் சில்வன் என்னும் பாதிரியார் 1572 டிசம்பர் 23ஆம் நாள் இதே சந்தைத் திடலில் தலை துண்டிக்கப்பட்டார். அவருடைய நண்பரும் ஹைடல்பர்க் பாதிரியாருமான ஆடம் நாய்ஸர் தப்பியோடி, இஸ்தான்புல் சென்றடைந்து, இஸ்லாத்தைத் தழுவி, 1576இல் அங்கேயே மறைந்தார். இறைவன் ஒருவன் என்னும் எண்ணம் இந்நகரத்து மண்ணில் ஒருவர் உயிரைக் கொண்டுபோயிற்று. மற்றொருவரை நாடு கடத்தி நம் உடன்பிறப்பாக்கிற்று. நான் படித்த வரலாற்றுப் பாடநூல்களில் இதைக் கண்டதில்லை. காய்கறியும் பூவும் விற்கும் இடமாகவே அத்திடலைக் காணும் கண்ணுக்கு இவை தெரியப்போவதில்லை.

இக்பால் தங்கிய இல்லம்

திடலுக்கு வடக்கே நெக்கர் நதி. 1788இல் கல்லால் கட்டி முடிக்கப்பட்ட பழைய பாலத்தின் வழியே அக்கரை சேர்ந்தேன். 1945 மார்ச் மாதம் பின்வாங்கிய ஜெர்மானியப் படையினரே இப்பாலத்தின் ஒரு பகுதியைத் தகர்த்துச் சென்றனர். 1947இல் மீண்டும் கட்டினார்கள். பொதுக் கழிப்பறை ஒன்றைக் கண்டுபிடித்து, குப்பித் தண்ணீரால் ஒளுச் செய்து, காலுறையின்மேல் மஸ்ஹு செய்துகொண்டேன்.

வடகரைச் சாலையில் மேற்கு நோக்கி நடந்தால் ஒரு வீட்டுச் சுவரில் நினைவுத் தகடு உள்ளது. அல்லாமா இக்பால் 1907இல் அங்கே வாழ்ந்தார் என்று அது அறிவிக்கிறது. 1905இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், பாரசீக மெய்யியலின் வளர்ச்சி பற்றிய ஆய்வேட்டை மியூனிக் பல்கலைக்கழகத்தில் அளிக்க விரும்பினார். அதற்கு ஜெர்மன் மொழி வேண்டும். அதைக் கற்க 1907 கோடையில் ஹைடல்பர்க் வந்தார். அவருக்கு அம்மொழியைக் கற்பித்தவர் எம்மா வேகெனாஸ்ட் என்னும் பெண்மணி. லாகூரில் பேராசிரியராக இருந்தவர், முப்பது வயதை எட்டும் நிலையில், ஓர் ஆசிரியையின் முன் மாணவராக அமர்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் முனைவர் பட்டம் பெற்றார். இந்நதிக்கரையின் மாலையமைதி பற்றி அவர் எழுதிய கவிதை ‘பாங்கே தரா’ தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. பின்னாளில் ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதே 1819இல் வெளியிட்ட கீழை–மேலை திவானுக்கு மறுமொழியாக 1923இல் ‘பயாமே மஷ்ரிக்’ என்னும் நூலையும் தந்தார்.

தமிழகத்துக்கும் இக்பாலுக்கும் உள்ள உறவை நம் வாசகர்களுள் மூத்தோர் அறிவர். வள்ளல் ஜமால் முஹம்மது சாகிப் அவர்களின் ஆதரவில் 1929 ஜனவரியில் அவர் சென்னை வந்து ஆற்றிய சொற்பொழிவுகளே, இஸ்லாமியச் சிந்தனையின் மறுசீரமைப்பு பற்றிய புகழ்பெற்ற நூலின் தொடக்கம். அவ்வள்ளலின் பெயரால் திருச்சியில் 1951இல் எழுந்த கல்லூரியில் நம் சமுதாயத்துப் பிள்ளைகள் எத்தனை ஆயிரம் பேர் பயின்றிருக்கிறார்கள்!

ஆனால் அவ்வீட்டின் முன் நின்றபோது நான் நினைத்தது இக்பாலை அன்று. அதிய்யா ஃபைஸி என்னும் முஸ்லிம் பெண்மணியை. அவர் ஆசிரியப் பயிற்சிக்காக 1906இல் இந்தியாவிலிருந்து லண்டன் சென்றவர். 1907 ஆகஸ்டில் ஹைடல்பர்க் வந்தார். லண்டனில் தாம் கண்ட இக்பாலைக் காட்டிலும் இங்கே கண்டவர் பணிவு மிக்க மாணவராக இருந்ததைப் பின்னர் பதிவு செய்தார். அவருடைய பயணக் குறிப்புகள் லாகூரின் ‘தஹ்ஸீபுன் நிஸ்வான்’ என்னும் பெண்கள் இதழில் தொடராக வெளிவந்தன. 1921இல் நூலாகவும் வந்தன. நூறாண்டுகளுக்கு முன் லாகூரிலும் டில்லியிலும் முஸ்லிம் இல்லங்களில் தாய்மாரும் பெண்மக்களும் ஒரு முஸ்லிம் பெண்ணின் கல்விப் பயணத்தைத் தொடர்ந்து படித்திருக்கிறார்கள். நானோ, இந்த யுகத்தில், ஒரே வரியில் என் மகளின் வாயை அடைத்திருக்கிறேன்.

புல்வெளியில் தொழுகை

இன்னும் மேற்கே சென்றால் நதியோரம் அகன்ற புல்வெளி. மாணவர்கள் கூட்டங்கூட்டமாக அமர்ந்திருந்தனர். ஒதுக்குப்புறமாய் ஒரு மரத்தடியில் துண்டை விரித்தேன். என்னையறியாமல் மேற்கே திரும்பி நின்றேன், நாற்பதாண்டுப் பழக்கம். பிறகுதான் உணர்ந்தேன், இங்கே கிப்லா தென்கிழக்கு. கஃபா மாறவில்லை, நான் நின்ற இடம் மாறியிருந்தது.

பன்னிரண்டு நாட்களே தங்கும் எண்ணம் ஆதலால், எங்கள் ஹனஃபி மத்ஹபின்படி நான் பயணி; லுஹரை இரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழுதேன். ஸலாம் கொடுத்தபின் அங்கேயே அமர்ந்திருந்தேன். பயணிக்குச் சட்டம் எத்தனை இரக்கம் காட்டுகிறது! நான்கை இரண்டாக்குகிறது, காலைக் கழுவுவதற்கு மஸ்ஹைத் தருகிறது, நோன்பைத் தள்ளிவைக்க இடம் கொடுக்கிறது. இச்சலுகைகளை எல்லாம் காலையிலிருந்து தேடித் தேடி எனக்காக எடுத்துக்கொண்ட நான், என் மகளின் கேள்விக்கு மட்டும் ஏன் சட்டத்தைப் பாதியில் நிறுத்தினேன்?

மஹ்ரம் இன்றிப் பெண் நெடும்பயணம் செல்லலாகாது என்பது சரியான மஸ்அலாதான். அதை நான் இன்றும் மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் அந்த மஸ்அலாவின் அடுத்த வரி, மஹ்ரம் யார் யார் என்பது. தகப்பன் மஹ்ரம், அவளை நானே அழைத்து வரலாம். தாய்மாமன் மஹ்ரம், அவர் வீடோ இரயிலில் இருபது நிமிடத் தொலைவு. மதரஸாவில் முதலாண்டு மாணவனும் ஒப்பிக்கும் பட்டியல் இது. இருபதாண்டு பாடம் நடத்தும் எனக்கு அது நினைவுக்கு வராமல் போனது எப்படி?

நினைவுக்கு வராமல் போகவில்லை, வரவிடவில்லை. உண்மையில் எனக்கு இருந்தது அச்சம். தெரியாத ஊர், தெரியாத மொழி, ஊராரின் பேச்சு ஆகியவற்றைப் பற்றிய அச்சம். அதை அச்சம் என்று சொல்ல ஓர் ஆலிமுக்கு நாணமாக இருந்தது. ஆகவே மார்க்கச் சட்டத்தை எடுத்து அதன்மேல் திரையாகப் போட்டுவிட்டேன். துருக்கியப் பெண்ணின் தந்தை கல்வியறிவில் என்னைவிடக் குறைந்தவராக இருக்கலாம்; அவர் தம் அச்சத்தை அச்சம் என்றே மகளிடம் சொன்னார். அல்லாஹ்வின் சட்டத்தின்மேல் பழி போடவில்லை.

மணி நான்கு. ஊரில் ஏழரை, மக்ரிப் தொழுது முடித்திருப்பார்கள். மைத்துனர் கொடுத்த சிம் அட்டை கைபேசியில் இருந்தது. மகளை அழைத்தேன்.

“அத்தா, சாப்பிட்டீங்களா? தூங்கினீங்களா?”

“பன்சன் சிலையைப் பார்த்தேம்மா.”

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. “நிஜமாவா, அத்தா? கையில் ஏதாச்சும் வச்சிருக்காரா?”

சிலையின் கையை நான் கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். பின்னர் நான் நினைத்ததையெல்லாம் சொன்னேன். மஸ்அலாவைப் பாதியில் நிறுத்தியதையும் சொன்னேன். கடைசியாக, “விண்ணப்பம் போட இன்னும் நாள் இருக்கா?” என்று கேட்டேன்.

“இந்த வருஷத்துக்கு முடிஞ்சிருச்சு, அத்தா. போன மாசமே.”

குரலில் குறை ஏதுமில்லை. அதுதான் என்னை அதிகமாக வருத்திற்று. நான் பேசாதிருப்பதை உணர்ந்து அவளே, “அடுத்த வருஷம் இருக்குல்ல, இன்ஷா அல்லாஹ். நீங்க முதல்ல சாப்பிடுங்க” என்றாள். சப்பாத்தியைப் பிரித்தேன், பாதிதான் இறங்கிற்று.

எதிர்க்கரையில் வாகனங்கள் இடைவிடாது விரைந்துகொண்டிருந்தன. அமைதியைப் பாடிய கவிஞரின் பெயரை அவ்விரைவுச் சாலைக்குத்தான் சூட்டியிருக்கிறார்கள். ‘இக்பால் கரை’ என்பது அதன் பெயர். பாலத்தைக் கடந்து அதையும் பார்த்துவிட்டு வந்தேன். அதற்கு அருகிலேயே பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனம் இருக்கிறது, 1962இல் தொடங்கப்பட்டது. உருது மட்டுமன்றி நம் தமிழும் அங்கே கற்பிக்கப்படுகிறது. அவர்கள் நம் மொழியைக் கற்க வெட்கப்படவில்லை.

ஒன்பதரை மணிக்கு அஸ்தமனம்

மான்ஹைம் திரும்பியபோது வீட்டில் எல்லோரும் என்னைக் காணாமல் கலங்கியிருந்தனர். “என்ன மச்சான், முதல் நாளே காணாமப் போயிட்டீங்க” என்றார் மைத்துனர். பாதி உண்மைதான் என்றேன்.

ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதரை மணியாகிறது. மக்ரிபுக்கு அவர் என்னை யாவுஸ் சுல்தான் சலீம் பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்றார். 1995இல் திறக்கப்பட்ட பெரிய பள்ளி அது; எதிரிலேயே ஒரு கத்தோலிக்க தேவாலயம். ஜமாஅத்தில் துருக்கியரும் அரபியரும் ஆப்பிரிக்கரும் தோளோடு தோள் சேர்ந்து நின்றனர். தொழுகை முடிந்து வெளியே வருகையில், செலவுக் கணக்கை மைத்துனர் விளக்கினார். அம்மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் பருவத்துக்கு 1500 யூரோ கட்டணம் பெறுகிறது; தங்குமிடச் செலவு தம் பொறுப்பு என்றார். தங்கும் அறை, ஹலால் உணவு, தொழுமிடம், திரும்பி வரும் நேரம் என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவரும் பொறுமையாகப் பதில் சொன்னார். காலையில் வந்தவன் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவை. அன்றிரவு உறங்கும்போது முப்பத்தாறு மணி நேரமாக விழித்திருந்தேன்.

அன்பு வாசகர்களே! எல்லோரும் தத்தம் பெண்மக்களை வெளிநாடு அனுப்புங்கள் என்று நான் எழுதவில்லை. அவரவர் சூழ்நிலை வேறு; மார்க்கத்தின் வரம்புகள் வரம்புகளே. வீட்டில் ஒரு பிள்ளை கேள்வி கேட்கும்போது, நம் பதிலில் மார்க்கம் எவ்வளவு, நம் அச்சம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்போம். மார்க்கத்தை முழுமையாகக் கேட்டறிவோம். அச்சத்தை அச்சம் என்றே சொல்வோம். என்னிடம் மஸ்அலா கேட்டு வந்த பெற்றோர்களுக்கு நான் கூறிய பதில்கள் சிலவற்றை இப்பொழுது திரும்ப எண்ணிப் பார்க்கிறேன், உறக்கம் கெடுகிறது.

என் மகள் இவ்வாண்டு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறாள். இடம் கிடைக்குமோ, கிடைக்காதோ, அல்லாஹ் அறிவான். கிடைத்தால் அழைத்துச் செல்லப்போகிறவன் நான். தவறான நிலையத்தில் இறங்காமலிருக்க இரயிலில் விழித்திருக்கும் வேலையை அவளிடமே ஒப்படைத்திருக்கிறேன்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவாயாக! அவர்கள் செல்லுமிடமெல்லாம் ஈமானைக் காத்தருள்வாயாக! உன் சட்டத்தை எங்கள் பலவீனத்துக்குத் திரையாக்கிய குற்றத்தை மன்னிப்பாயாக! ஆமீன்.